மண் அணையில் கசிவு, வெடிப்பு, சரிவு: எதைக் கண்டால் என்ன செய்வது

பாசனத்துக்கோ, மீன் வளர்க்கவோ, கால்நடைகள் குடிக்கவோ யாரோ எப்போதோ தன் நிலத்தில் எழுப்பிய மண் கரை. உயரம் நான்கு மீட்டர் இருந்தால் அதிகம். அதனால் எல்லோரும் அதைக் குட்டை என்றோ குளம் என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரியாக இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 20,000 கன மீட்டர், அதாவது 20,000 டன். இந்த எடையைத் தாங்கி நிற்பது வெறும் மண். உடைந்தால் அத்தனையும் சில நிமிடங்களில் பள்ளத்தை நோக்கி ஓடும்.

நல்ல வேளையாக, மண் அணை பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டும். அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், பார்த்ததை எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு வாளி, கடிகாரம், நாலைந்து முளைக்குச்சிகள், அளவு நாடா ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இவற்றைக் கொண்டே செய்யலாம். மீதிக்கு மண் அணைகளில் பழக்கமுள்ள பொறியாளர் வேண்டும். அந்த எல்லை எங்கே வருகிறது என்பதையும் சொல்கிறேன்.

முதலில்: நின்று யோசிக்க நேரம் இருக்கிறதா?

கலங்கலான தண்ணீர் வெளிச்சரிவில், அதாவது குளத்துக்கு எதிர்ப்பக்கச் சரிவில் பீறிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிறது. நீர்ப்பரப்பில் சுழல் தெரிகிறது. கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிகிறது. வெளிச்சரிவு சரிந்து, சரிவு கரையின் தலைவரை வந்துவிட்டது. இந்த நான்கில் ஒன்றைக் கண்டாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். கீழே இருப்பவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அடுத்ததாகத் தீயணைப்பு, காவல், வருவாய் அலுவலர்களுக்குத் தகவல் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் மதகைத் திறப்பதும் மண் கொட்டுவதும். இந்த வரிசை மாறக் கூடாது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை சிறியதல்ல, தனியாருடையதும் அல்ல. ஆனால் மண் அணைக்குள் தண்ணீர் வழி தேடிவிட்டால் நமக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1976 ஜூன் 5ஆம் தேதி காலை ஏழு மணிவாக்கில் கலங்கல் கசிவு கண்ணில் பட்டது. துளையை மண் தள்ளி அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களும் அந்தத் துளைக்குள்ளேயே விழுந்தன. ஓட்டுநர்களைக் கயிறு போட்டு மீட்டார்கள். நண்பகலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை உடைந்துவிட்டது. ஐந்து மணி நேரம். ஆட்களும் இயந்திரங்களும் அருகிலேயே இருந்தும் அவ்வளவுதான்.

வெளிச்சரிவில் அல்லது கரையடியில் ஈரம், கசிவு

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிறது என்பது மட்டும் நோயல்ல. எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது, தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கலங்கலைச் சோதியுங்கள். கசிவு விழும் இடத்தில் கண்ணாடி பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, தரையில் கிடக்கும் மண்ணைக் கிளறிவிடாமல் நிரப்புங்கள். தேதி எழுதி ஒட்டி ஓரிடத்தில் அசையாமல் வையுங்கள். மறுநாள் காலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியில் ஒன்றும் இல்லை என்றால் கரையின் மண் வெளியேறவில்லை. விரல் நகத்தின் தடிமனுக்குச் சாம்பல் நிறப் படிவு இருந்தால், உங்கள் கரை உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் படிவைத் தொட்டுப் பாருங்கள். மாவுபோல வழுவழுப்பாக இருந்தால் கரையின் களிமண் கரைகிறது. நறநறவென்றால் அடித்தளத்து மணல். இரண்டுமே கெட்டது. ஆனால் பொறியாளரிடம் பேசும்போது எது என்று சொல்ல முடிந்தால் அவர் வேலை பாதி முடிந்துவிடும்.

மண்ணைச் சுமந்து வரும் கசிவு வெளிமுகத்தில் தொடங்கி உள்நோக்கி அரித்துக்கொண்டே போகும். அரிப்பு ஏற ஏறத் தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் குறையும். தூரம் குறையக் குறைய வேகம் கூடும். கடைசியில் குளத்தோடு ஒரு துளையாக இணைந்துவிடும். அதன் பிறகு நம் கையில் எதுவும் இல்லை.

அடுத்தது அளவு. கசிவைச் சிறு வாய்க்கால் வெட்டி ஓரிடத்தில் சேர்த்து, ஒரு குழாய்த் துண்டு வழியாக வாளியில் விழவிடுங்கள். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி? ஐம்பது விநாடி என்றால் ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். அந்த எண்ணால் மட்டும் பயமும் இல்லை, நிம்மதியும் இல்லை. குளத்தின் நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மட்டம் ஏறும்போது கசிவும் ஏறி, மட்டம் இறங்கும்போது இறங்கினால் அது எதிர்பார்க்கக்கூடியது. மட்டம் அப்படியே நிற்க, கசிவு மட்டும் ஐம்பது விநாடியிலிருந்து நாற்பதுக்கும் முப்பதுக்கும் வந்தால் பொறியாளரை அழைப்பதற்கு அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். கசிவு திடீரென்று நின்றுபோனாலும் மகிழ வேண்டாம். தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம், அல்லது உள்ளே ஏதோ சரிந்து அடைத்திருக்கலாம்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெளிப்பக்கத்தில் தண்ணீர் வரும் வாயைக் களிமண்ணாலோ சிமென்டாலோ அடைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். தண்ணீர் சரிவுக்குள் தேங்கி மண்ணை ஊறவைக்கும். சில நாட்களில் பக்கத்தில் வேறோர் இடத்தில் பெரிதாக வெடித்துக் கிளம்பும். வெளிப்பக்கத்தில் நம் வேலை தண்ணீரைப் போகவிட்டு மண்ணைத் தடுப்பது. அதற்குச் சுத்தமான மணலை முதலில் பரப்பி, அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று எடை ஏற்ற வேண்டும். மணல் மண்ணைப் பிடிக்கும், சரளை மணலைப் பிடிக்கும், தண்ணீர் தெளிந்து வெளியேறும். எந்தப் பருமனில் மணல், எவ்வளவு தடிமன் என்பது உங்கள் கரை மண்ணைப் பொறுத்தது. அவசரத்துக்குக் கொட்டலாம், நிரந்தரத்துக்குக் கணக்கிட்டே செய்ய வேண்டும்.

கரையடிக்கு அப்பால் சமதரையில் சின்ன எரிமலை வாய்போல மணல் வளையம் கட்டிக்கொண்டு ஊற்று கொப்பளித்தால், அடித்தளத்தின் வழியே தண்ணீர் வருகிறது. அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் உயர உயர எதிரழுத்தம் கூடி, மணல் வருவது நிற்கும். மணல் வருவது நின்றதும் அடுக்குவதை நிறுத்துங்கள். தெளிந்த தண்ணீர் மூட்டைகளின் மேல் வழிந்து போகட்டும். முழுவதுமாக நிறுத்த முயலாதீர்கள்.

மதகுக் குழாயை ஒட்டிக் கசிவு

குழாய்க்குள் வரும் தண்ணீரையும் குழாய்க்கு வெளியே வரும் தண்ணீரையும் பிரித்துப் பாருங்கள். அடைப்பானை மூடிய பிறகும் குழாய்க்குள் வந்தால் அடைப்பான் தேய்ந்திருக்கலாம், அல்லது கரைக்கு நடுவே குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். பின்னது என்றால் ஓட்டை வழியாகக் கரையின் மண்ணும் உள்ளே உறிஞ்சப்படும். குழாய் செல்லும் தடத்துக்கு நேர் மேலே கரையின் தலையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

வெளியே, குழாயின் உடலை ஒட்டி வருவது இன்னும் மோசம். உருண்டையான குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணை இறுக்குவது மிகக் கடினம். கட்டும்போதே அங்கே பலவீனம் தங்கிவிடும். சின்ன மண் அணைகளில் நான் முதலில் குனிந்து பார்க்கும் இடம் இதுதான். நீர்மட்டத்தை இறக்கி, வெளிமுனையில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அமைப்பதே வழி. இதைப் பொறியாளர் இல்லாமல் செய்ய வேண்டாம்.

மதகே இல்லாத அணை என்றால், அல்லது இருந்தும் பல ஆண்டுகளாகத் திறக்கவே இல்லை என்றால், மேலே கசிவுக்குச் சொன்ன எதையும் உங்களால் நிம்மதியாகச் செய்ய முடியாது. ஆபத்தில் மட்டத்தை இறக்க வழி இல்லாத அணை ஏற்கெனவே பழுதான அணை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து மூடிப் பாருங்கள்.

கரையின் தலையில் பள்ளம் அல்லது குழி

ஒரு கோலை விட்டு ஆழம் பாருங்கள், விளிம்பில் நிற்காதீர்கள். வண்டி, டிராக்டர் எதையும் கரை மேல் ஏற்றாதீர்கள். குழியில் மண்ணைக் கொட்டிச் சமன்செய்தால் கண்ணுக்கு மறையும், காரணம் மறையாது. நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குங்கள், வெளிச்சரிவு முழுவதையும் நடந்து கலங்கல் தேடுங்கள்.

உட்பக்க நீர்ப்பரப்பில் சுழலும் தெரிந்தால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. உறிஞ்சும் வாயில் சிக்கிய மனிதரை வெளியே எடுக்க முடியாது. கரையில் நின்றபடியே வைக்கோல் கட்டுகள், தார்ப்பாய், களிமண் மூட்டைகளை அந்த வாயை நோக்கித் தள்ளலாம். அடைப்பது என்றால் உட்பக்கத்தில்தான் அடைக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் அல்ல.

வெடிப்புகள்

கரைக்குக் குறுக்காக, அதாவது குளத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடும் வெடிப்பு தண்ணீருக்குத் தயாராக வெட்டிவைத்த வாய்க்கால். கரையின் ஒரு பகுதி மற்றொன்றைவிட அதிகம் அமுங்குவதால் இது வரும். வெடிப்பின் அடிமட்டத்துக்குக் கீழே நீர்மட்டத்தை வையுங்கள்.

நீளவாக்கில், கரையோடு சேர்ந்து ஓடும் வெடிப்பு சரிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வெடிப்பின் இரு பக்கமும் முளைக்குச்சி அடித்து இடைவெளியை அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் அந்தத் துண்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள்.

கோடையில் சிலந்தி வலைபோல எல்லாத் திசையிலும் பிளந்திருப்பது பெரும்பாலும் களிமண் காய்ந்ததன் விளைவு. சின்னக் குழி தோண்டி ஆழம் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் அந்த மண்ணைக் கொத்தி, ஈரப்படுத்தி, பதினைந்து சென்டிமீட்டர் அடுக்குகளாக மீண்டும் இறுக்கினால் போதும். மேலே புல் வளர்ந்தால் அடுத்த கோடையில் பிளவு குறையும்.

சரிவு

உட்சரிவு சரிந்தால் கடைசியாக எப்போது, எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இறக்கினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீர் இறங்கினாலும் ஊறிய மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உடனே இறங்காது. தாங்கிப் பிடித்த நீரும் போய்விட, கனத்த மண் வழுக்கி விழும். அவசரம் இல்லாதபோது நாளுக்கு முப்பது சென்டிமீட்டருக்கு மேல் இறக்காமல் இருப்பது பாதுகாப்பான பழக்கம்.

வெளிச்சரிவு சரிந்திருந்தால் அது எவ்வளவு பழையதாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமாக இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் மழைக்குப் பின் உடைந்து 39 பேர் இறந்தார்கள். 1973இல் எடுத்த புகைப்படத்திலேயே அதன் வெளிச்சரிவில் ஒரு சரிவு தெரிந்தது. அந்த வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது, அதில் மரங்களும் வளர்ந்திருந்தன. படம் எடுத்தவரின் கண்ணுக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவரின் கண்ணுக்கும் நடுவே நான்கு ஆண்டுகள் போயின. எனக்கு இந்த அணையை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கலிங்கு அடைபட்டிருக்கிறது, கரை நடுவில் தாழ்ந்திருக்கிறது

கலிங்கு என்பது குளம் நிறைந்ததும் உபரிநீர் வெளியேறும் வழி. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் சேரும்போதுதான் கரைக்கு மேல் தண்ணீர் வழியும். மண் கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் கரை நிற்காது.

மண் கரை கட்டிய பிறகும் அமுங்கும். உயரம் அதிகமுள்ள நடுப்பகுதி அதிகம் அமுங்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. கண்ணாடிபோன்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதுபோல, கரையின் தலை நெடுக மட்டம் பாருங்கள். எல்லா இடத்திலும் கலிங்கின் அடிமட்டத்தைவிட எவ்வளவு உயரம் இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் இடம்தான் உங்கள் கரையின் உண்மையான உயரம்.

பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை ஒரு தனியார் கேளிக்கைச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது. அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்களை அதற்கு முந்தைய உரிமையாளரே எடுத்து விற்றிருந்தார். சங்கம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. கரையின் தலையை வண்டிகள் போவதற்காகத் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன்கள் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை கட்டினார்கள். 1889 மே 31 அன்று மழைவெள்ளத்தில் குப்பையும் கட்டைகளும் அந்த வலையில் சிக்க, தண்ணீர் கரைமேல் ஏறியது. அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான்.

ஆகவே கலிங்கில் மீன் வலை, பலகை, மண் மூட்டை, முளைத்த புதர் எது இருந்தாலும் இன்றே எடுங்கள். கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் சேர்க்கலாமே என்று கலிங்கை உயர்த்துவது, வெள்ளத்துக்காக விட்டுவைத்த உயரத்தைக் குடித்துவிடுவதாகும். ஹவாயின் காவாய் தீவில் 2006 மார்ச் 14 அன்று தனியார் நிலத்திலிருந்த கா லோகோ அணை உடைந்து 7 பேர் இறந்தபோதும் விசாரணையில் முதலில் எழுந்த கேள்வி உபரிநீர் வழி எங்கே போனது என்பதுதான்.

மரம், வளை, மாட்டுத் தடம்

கை மணிக்கட்டைவிடப் பருக்காத செடிகளை வெட்டி வேரோடு எடுங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால் அது அழுகி, கரைக்குள் ஒரு சுரங்கம் மிஞ்சும். பெரிய மரத்தைப் பிடுங்கினாலோ கரையே பிளக்கும். தண்ணீரை இறக்கி, வேரைத் தோண்டியெடுத்து, குழியைத் தகுந்த மண்ணால் அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். எலி, நண்டு, கறையான் வளைகளைக் குழைத்த களிமண் கூழ் ஊற்றி நிரப்பலாம். கால்நடை இறங்கும் தடத்தை ஓரிடத்தில் ஒதுக்கிக் கல் பதியுங்கள். புல்லை வெட்டிக் குட்டையாக வைத்திருங்கள். மேலே சொன்ன எதையும் உயரமான புல்லுக்குள் உங்களால் பார்க்க முடியாது.

அணை யாருடையது என்றே தெரியவில்லை

இதையும் பழுதுகளின் வரிசையில்தான் வைக்கிறேன். கசிவைவிட இது ஆபத்தானது என்பது என் எண்ணம், ஏனென்றால் பாட்டிலைப் பிடிக்க ஆளே இருக்க மாட்டார்.

பெரும்பாலும் இப்படி நடக்கும். கட்டியவர் இறந்துவிடுவார். நிலம் மூன்று பிள்ளைகளுக்குப் பிரியும். எல்லைக் கோடு கரையின் நடுவே ஓடும். ஒருவருக்குக் குளம், ஒருவருக்குக் கரை, ஒருவருக்குக் கலிங்கு போகும் பள்ளம். தண்ணீரை மூவரும் எடுப்பார்கள், புதரை ஒருவரும் வெட்ட மாட்டார். இப்படி இருந்தால் பத்திரத்தையும் நில அளவை வரைபடத்தையும் எடுத்துவைத்து, கரையும் மதகும் கலிங்கும் எந்தெந்த எண்ணில் வருகின்றன என்று குறியுங்கள். யார் பார்ப்பது, செலவு எந்த விகிதத்தில், அவசரத்தில் யாரைக் கேட்காமல் மதகைத் திறக்கலாம் என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவுசெய்யுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நிலம் வாங்கப் போகிறவர் நீங்கள் என்றால், கரை நிறைந்து நிற்கும் அழகான நாளில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கட்டிய ஆண்டு, அனுமதி, பழைய உடைப்புகள், பழுது பார்த்த விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். மதகைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான சட்டங்களில் வாங்கிய நாள்முதல் பொறுப்பும் உங்களிடம் வந்துவிடும். “நான் கட்டவில்லை” என்ற பதில் நிற்காது.

“நான் கவனமாகத்தான் இருந்தேன்” என்பதும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை உரிமையாளர் ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்தன. தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி ஃப்ளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸின் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. ஆனாலும், தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் சேர்த்துவைத்தவரே இழப்புக்குப் பொறுப்பு என்று 1868இல் தீர்ப்பாயிற்று. அந்த விதியைப் பல நாடுகள் பின்பு திருத்தியும் மாற்றியும் எடுத்துக்கொண்டன. உங்கள் இடத்தில் எது நடப்பு என்பதை வழக்குரைஞரிடம் கேளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் அணை என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு ஆய்வு செய்யும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பல நாட்டுச் சட்டங்கள் ஓர் அளவுக்கு மேற்பட்ட அணைகளைத்தான் தொடுகின்றன. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எல்லை 25,000 கன மீட்டர். மேலே கணக்குப் போட்ட நம் ஒரு ஹெக்டேர் குளம் அதற்குக் கீழே விழுகிறது.

கீழே புதிதாக வீடு வந்திருக்கிறது

கரையில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் அணையின் ஆபத்து மாறிவிட்டது. உடைந்தால் வயல்தான் மூழ்கும் என்று கணக்கிட்டுக் கட்டிய கலிங்கு, தூங்கும் குடும்பத்துக்கு மேலே இருக்கப் போதாது. பள்ளத்தின் வழியே நடந்துபோய் வீடுகள், பாதை, பாலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்போடு பொறியாளரிடம் போய், கலிங்கின் அளவு இன்னும் போதுமா என்று கேளுங்கள். அங்கே இருப்பவர்களின் தொலைபேசி எண்களை வாங்குங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள். இரவில் எந்த ஒலி கேட்டால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதை அவர்களோடு ஒருமுறை நடந்தே பாருங்கள். சிலர் கோபப்படுவார்கள், சிலர் பயப்படுவார்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் முதல் தடவை போவது மழை இரவில் கதவைத் தட்டுவதற்காக இருக்கக் கூடாது.

கனமழைக்கு முன்னும், மழையின்போதும், மழை விட்ட மறுநாளும் கரையை நடந்து பாருங்கள். மற்ற நாட்களில் வாரத்துக்கு ஒரு முறை, எப்போதும் ஒரே பாதையில்: போகும்போது கரையின் தலை, திரும்பும்போது கரையடி. நோட்டில் தேதி, நீர்மட்டம், வாளி நிறைந்த விநாடிகள், பாட்டிலின் அடியில் கண்டது.